இடித்துரைத்த பாங்கன் எங்கே?

நாடகம் ஒன்று போடுவது என்று சங்கத்தில் முடிவானதும் முதலில் எழும் கேள்வி, கதாநாயகன் யார் என்பதே. அந்த வேடத்திற்கு ஆள் குறைவதில்லை. அரசன், அமைச்சன், பகைவன் ஆகிய வேடங்களும் எப்படியோ நிரம்பிவிடும். கடைசியில் எஞ்சி நிற்பது நாயகனின் தோழன் வேடம். “வசனம் கொஞ்சந்தான், சிரிக்க வைத்தால் போதும்” என்று சொல்லி, ஒத்திகைக்குத் தாமதமாய் வந்த ஒருவர் தலையில் அதைக் கட்டிவிடுவது வழக்கம். தோழன் வேடம் இவ்வளவு மலிந்து போனது எப்போது? தமிழர் பாட்டும் கூத்தும் படைக்கத் தொடங்கிய நாளிலேயே அது இப்படித்தான் இருந்ததா? இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இதனையே.

பாங்கு என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவன் பாங்கன். தலைவனின் உயிர்த் தோழனுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. தொல்காப்பியச் செய்யுளியல் அவனைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறது. களவுக் காலத்தில் பேசுதற்கு உரியவர் அறுவர்: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. மணமான பின் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என இன்னும் அறுவர் சேர்வர். தலைவியைப் பெற்ற தந்தைக்கும் அவளுடன் பிறந்த தமையனுக்கும் இந்த உரிமை இல்லை. அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்துச் சொல்லக் கேட்கலாமே ஒழிய, அவர்களே வந்து பேசுதல் மரபன்று. பெற்ற தந்தைக்கு இல்லாத நாவுரிமை பாங்கனுக்கும் தோழிக்கும் இருந்தது என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

அந்த உரிமையைப் பாங்கன் எதற்குப் பயன்படுத்தினான்? தலைவனைக் கண்டிப்பதற்கு! தலைவன் ஒருத்தியைக் கண்டு உள்ளம் தளர்ந்து வருகிறான். அவன் தோள் மெலிந்ததையும் முகம் வாடியதையும் முதலில் காண்பவன் பாங்கனே. காரணம் கேட்கிறான். தலைவன் சொன்னதும், “நின் அறிவுக்கும் பெருமைக்கும் இது தகுமா?” என்று முகத்துக்கு நேரே கழறுகிறான். இதற்குக் கழறல் என்றே பெயர். கழறிய பாங்கனுக்குத் தலைவன் மறுமொழி கூறுவது கழற்றெதிர்மறை என்னும் துறை. குறுந்தொகையில் 58ஆம் பாட்டாக வெள்ளிவீதியார் பாடியது இத்துறையிலேயே அமைந்தது. சுடுபாறைமேல் வைத்த வெண்ணெய் உருகிக்கொண்டிருக்க, கைகளும் இன்றிப் பேச்சும் இன்றி அதைக் கண்ணால் மட்டும் காத்திருக்கும் ஒருவனின் நிலையைத் தலைவன் அங்கே எடுத்துக்காட்டித் தன் நோயை விளக்குகிறான். இத்துணை அழகிய உவமை எவர் பொருட்டுப் பிறந்தது? தலைவியின் பொருட்டன்று; இடித்துரைத்த நண்பனுக்கு விடை சொல்ல வேண்டிய நெருக்கடியில் பிறந்தது. பாங்கன் வாய்மூடி இருந்திருந்தால் அந்தப் பாட்டே நமக்குக் கிடைத்திராது.

பிற்காலக் கோவை நூல்கள் இதற்கு அடுத்த நிலையையும் காட்டுகின்றன. கழறிய பாங்கன் அவ்வளவில் நிற்பதில்லை. தலைவன் குறித்த இடத்துக்குத் தானே செல்கிறான், அவளைக் காண்கிறான், “இவளைக் கண்டும் இவ்வளவு உறுதியோடு திரும்பி வந்தானே, அவனன்றோ ஆண்மகன்!” என்று வியக்கிறான், திரும்பி வந்து தலைவனுக்கு வழி சொல்கிறான். கண்டிப்பதும் அவனே, விசாரித்து அறிவதும் அவனே, பின் துணை நிற்பதும் அவனே. ஆமாம் போடுபவனை நம் முன்னோர் பாங்கன் என்று அழைக்கவில்லை.

தோழியின் நிலை இதனினும் உயர்ந்தது. அகப்பாடல்களைப் புரட்டிப் பார்ப்பவருக்கு இது விளங்கும். ஏட்டைத் திறந்த இடமெல்லாம் அவள் குரலே கேட்கும். செவிலியின் மகளாகப் பிறந்து தலைவியோடு ஒன்றாய் வளர்ந்தவள் அவள். இரந்து நிற்கும் தலைவனை எளிதில் அண்டவிடாமல் அலைக்கழிப்பவள் அவள். பகலில் எங்கே சந்திப்பது, இரவில் எங்கே சந்திப்பது என்று குறிப்பவள் அவள். “காவல் மிகுந்தது, மழைக்கால இரவில் யானையும் பாம்பும் திரியும் வழியில் வராதே” என்று சொல்லிச் சொல்லியே, திருமணத்தை இனித் தள்ளிப் போட முடியாது என்று தலைவனை உணரச் செய்பவள் அவள். வீட்டார் வேறு மணம் பேசினால் உண்மையை வெளியிட்டு அறத்தொடு நிற்பவளும், வேறு வழியில்லையேல் இருவரையும் ஊரைவிட்டு அனுப்பி வைப்பவளும் அவளே. மணமான பின்பு தலைவன் பரத்தையிடம் சென்று திரும்பினால் வாயில் மறுத்து, அவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிறாள்.

இவ்வளவும் செய்கிற அவளுக்கு ஒரு பெயர் உண்டா? இல்லை. அகப்பாட்டில் தலைவிக்கும் பெயர் சொல்வதில்லை என்பது மரபு, அதில் குறையில்லை. ஆயினும் தலைவிக்கு ஒரு காதல் இருக்கிறது, ஒரு வீடு அமைகிறது. தோழி யாரை விரும்பினாள், எங்கே மணமாகிப் போனாள் என்று எந்தப் புலவரும் பாடவில்லை. துணைமாந்தருக்கு வாயைக் கொடுத்த இலக்கியம் வாழ்வைக் கொடுக்க மறந்துவிட்டது. இந்தக் கடன் ஈராயிரம் ஆண்டுகள் கழித்தே சிறிது சிறிதாக அடைக்கப்படுவதை நாம் பின்னர்க் காண்போம்.

நட்பு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், ஒருவரோடு நட்புச் செய்வது கூடிச் சிரித்து மகிழ்வதற்காக அன்று, அவர் நெறி கடக்கும்போது முன்சென்று இடிப்பதற்காகவே என்ற கருத்தை வைக்கிறார். சிரிப்பு ஒரு பக்கம், இடிப்பு ஒரு பக்கம் என்று தராசில் வைத்து, இடிப்பின் பக்கம் சாய்கிறார் அவர். கம்பன் படைத்த கும்பகருணனும் அந்தக் கட்சியே. உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவன் அண்ணனின் செயல் பிழை என்றும் சீதையை விட்டுவிடு என்றும் சொல்கிறான். சொன்ன பிறகே போர்க்களம் செல்கிறான். கதைகளில் தோழன் நடந்து வந்த வழியை ஒரே தொடரில் சொல்லப் புகுந்தால், இடிப்பிலிருந்து சிரிப்புக்கு அவன் தள்ளப்பட்ட வரலாறு என்றே சொல்லவேண்டும். ஆனால் இடையில் இரண்டையும் ஒருசேரச் செய்தவர் சிலர் இருந்தனர். அவர்களைப் பார்க்காமல் தாண்டுவது முறையன்று.

வடமொழி நாடகங்களில் வரும் விதூஷகன் அத்தகையவன். அரசனின் தோழன், பிறப்பால் அந்தணன், ஆனால் அரசன் பேசும் வடமொழியை விட்டு மக்கள் மொழியாகிய பிராகிருதத்தில் பேசுகிறவன். சாப்பாட்டுப் பிரியன். அவனைக் கண்டதும் அவையோர் சிரிப்பர். அவனைச் சிரிப்புக்காகச் செருகிய ஆள் என்று நினைப்பவர்கள் காளிதாசனின் சாகுந்தலத்தை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறோம். அதில் விதூஷகன் பெயர் மாடவ்யன். துஷ்யந்தன் சகுந்தலையைக் கண்டு மயங்கியதும் அதனை இவனிடம் சொல்கிறான். அந்த வேளையில் தலைநகரிலிருந்து தாயின் அழைப்பு வருகிறது. தனக்குப் பதிலாக மாடவ்யனை அனுப்பும் அரசன், இவன் அந்தப்புரத்தில் போய் உளறிவிடுவானோ என்று அஞ்சி, “நான் சொன்னதெல்லாம் விளையாட்டுக்கு; மெய்யென்று எண்ணாதே” என்று சொல்லி அனுப்புகிறான். ஐந்தாம் அங்கத்தில் சகுந்தலை அரண்மனைக்கு வரப்போகும் வேளையிலும், ஊடியிருக்கும் வேறொரு தேவியைச் சமாதானம் செய்யுமாறு மாடவ்யனை அனுப்பிவிடுகிறான். எனவே சாபத்தால் மறந்த அரசன் சகுந்தலையை மறுக்கும்போது அருகில் தோழன் இல்லை.

மோதிரம் கிடைத்து நினைவு மீண்ட பின், “நீயாவது எனக்கு நினைவூட்டியிருக்கக் கூடாதா?” என்று அரசன் கேட்கிறான். “விளையாட்டுக்குச் சொன்னேன் என்றீர், நானும் அப்படியே நம்பினேன்” என்பது அவன் விடையின் கருத்து. முனிவரின் சாபத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நாம் கருதுவது வேறு. தோழனிடம் உண்மை பேசாத அரசன், தவறு செய்யும் நேரத்தில் தடுக்க ஆளின்றி நிற்கிறான். சாபம் பலித்ததற்கு மாடவ்யனை வெளியே அனுப்பியதும் ஒரு காரணம். காளிதாசன் இரண்டு முறை அவனை மேடையிலிருந்து அகற்றியது தற்செயலாக இருக்க முடியாது.

சூத்திரகனின் மிருச்சகடிகத்தில் வரும் மைத்ரேயனை இங்கே குறிப்பிடாமல் விட மனமில்லை. செல்வம் போனதும் சாருதத்தனை எல்லாரும் விட்டு விலக, விலகாதவன் இவன். ஆனால் நீதிமன்றத்தில் கோபம் கொண்டு எதிரியோடு கைகலக்கும்போது இவன் இடுப்பில் வைத்திருந்த நகைகள் கீழே விழ, அதுவே நண்பனுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. அன்பு மிகுதியால் விளைந்த கேடு! நாயகனின் தலைவிதியைத் திருப்பும் ஆற்றல் அந்நாளில் தோழன் கையில் இருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

விதூஷகன் மக்கள் மொழி பேசினான் என்றோம். இதன் பயன் கேரளத்துக் கூடியாட்டத்தில் தெளிவாய்த் தெரிகிறது. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்த கலை அது. அங்கே நாயகன் வடமொழிச் சுலோகம் சொல்ல, விதூஷகன் மலையாளத்தில் அதற்குப் பொருள் விரிக்கிறான். அதனைக் கேலி செய்து எதிர்ச் சுலோகமும் சொல்கிறான். அந்தச் சாக்கில் நாட்டு நடப்பையும் நையாண்டி செய்கிறான். நம் தெருக்கூத்தில் இந்தப் பணியைச் செய்பவன் கட்டியங்காரன். துரியோதனனே ஆனாலும் கட்டியங்காரன் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் களத்தில் நிலைகொள்ள முடியும். தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமாயணத்துக்கு நடுவே புகுந்து ஊர்ச்செய்தி பேசுகின்றனர். இவர்கள் எல்லாரும் அரசன் பக்கத்தில் நின்றாலும் நம் பக்கத்து ஆட்கள். மேடைக்கும் தரைக்கும் இடையே போடப்பட்ட படிக்கட்டுகள்.

சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து இசை நாடக மேடையில் இந்த மரபு பபூன் என்ற ஆங்கிலப் பெயரோடு நுழைந்தது. ஸ்பெஷல் நாடகங்களில் இரவைத் தொடங்கி வைப்பவரே அவர்தாம். பேசும்படம் வந்தபின் அவர் திரைக்குக் குடிபெயர்ந்தார். 1941இல் வெளிவந்த சபாபதி படத்தைப் பலரும் அறிவர். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்தது அது. பணக்கார எசமானன் பெயரும் சபாபதி. அவன் வேலைக்காரன் பெயரும் சபாபதி. டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அவ்விரு வேடங்களைத் தாங்கினர். இருவரில் எவர் பெரிய அசடு என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. ஒரே பெயரை இருவருக்கும் வைத்ததில் எத்துணை ஆழமான குறும்பு!

இனி கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு வருவோம். 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து, 1957இல் மறைந்தவர். அவர் செய்த புரட்சி நகைச்சுவையில் மட்டும் அன்று, அமைப்பில். நாயகன் கதை ஒரு வழியில் செல்ல, தாமும் டி.ஏ. மதுரமும் நடிக்கும் பகுதியைத் தனிக் கதையாகவே உருவாக்கிப் படத்தில் இணைத்தார். மதுரம் அவர் நிழலாக இராமல் சரிநிகராய் வாதாடும் பெண்மணியாக வந்தார். குடி, மூடப்பழக்கம், சாதி, சோம்பல் ஆகியவை அவருடைய இலக்குகள். 1949இல் அறிஞர் அண்ணா எழுதிய நல்லதம்பி படத்தில் அவரே நாயகர். அதில் வரும் கிந்தனார் காலட்சேபம் ரயில்வேயில் பணிபுரியும் நமக்குத் தனி உவகை தருவது. நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தனோ பள்ளிக்குப் போக ஏங்குகிறான். ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கிறான். கோயில் வாசலில் கேட்கப்பட்ட சாதி, ரயில் பெட்டியில் கேட்கப்படவில்லை என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர் கலைவாணர்.

இத்தனையும் போற்றத்தக்கவை. ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கலைவாணர் இடித்துரைத்தது யாரை? கதாநாயகனை அன்று, கொட்டகையில் அமர்ந்திருந்த நம்மை. பாங்கனின் இடிப்பு நாயகனை விட்டுச் சமுதாயத்தின்மேல் திரும்பியது. அதனால் சமுதாயத்துக்கு நன்மை விளைந்தது. நாயகனுக்கோ, சொல்வதற்கு ஆளில்லாமற் போயிற்று. தனிப்பகுதியாகப் பிரிந்ததால் விதூஷகன் விடுதலை பெற்றான். அதே பிரிவினால் நாயகன் தனியனானான். கலைவாணர் போன்ற சிந்தனையாளர் இருந்தவரை இந்தக் குறை தெரியவில்லை. அந்த இடத்துக்குச் சிந்தனை இல்லாதவர்கள் வந்தபோதுதான் தெரிந்தது.

இதே காலத்தில் நட்சத்திரம் என்ற புதிய பிறவியும் தோன்றியது. நாயகனின் முகத்தை நம்பிப் பணம் போடும் தொழிலில், அந்த முகத்தைப் பார்த்து “நீ செய்வது தவறு” என்று சொல்ல ஒரு பாத்திரத்தை எவர் எழுதுவர்? தங்கவேலுவும் சந்திரபாபுவும் நாகேஷும் பெருங்கலைஞர்கள். அவர்களுக்குக் கிடைத்த பாத்திரங்கள் அனைத்தும் அவர்கள் தகுதிக்கு ஏற்றவை என்று சொல்ல முடியாது. ஏற்றது கிடைத்தபோது நாகேஷ் என்ன செய்தார் என்பதற்கு 1964இல் வந்த சர்வர் சுந்தரம் சான்று. உணவு விடுதியில் பரிமாறுபவன் புகழ்மிக்க நடிகனாகிறான். கதை முழுவதும் அவனுடையது. ஆனால் அவன் விரும்பிய பெண் விரும்புவதோ அவனுடைய நண்பனை! நண்பன் வேடத்தில் முத்துராமன், அழகிய முகத்தோடு. துணைவன் நாயகனாக உயர்ந்த பிறகும் காதல் மட்டும் நாயக முகத்தினருக்கே என்ற விதி மாறவில்லை. கே. பாலசந்தர் தெரிந்தே இதை எழுதினார் என்று நினைக்கிறோம்.

ரயில் வண்டியின் முன்னால் எஞ்சின் ஓட்டுபவரைப் பார்த்துச் சிறுவர்கள் கையசைப்பர். கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்கும் கார்டைக் கவனிப்பவர் சிலரே. அவர் கொடி அசையாமல் வண்டி புறப்படாது என்பது நம் காலனிக் குழந்தைகளுக்காவது தெரியும். 2022ஆம் ஆண்டில் கார்டு என்னும் பதவிப் பெயரை டிரெயின் மானேஜர் என்று மாற்றினார்கள். பெயர் உயர்ந்தது, நிற்கும் இடம் அதே கடைசிப் பெட்டிதான். சர்வர் சுந்தரத்தின் கதையும் ஏறத்தாழ அதுவே.

திரையில் தோழன் சுருங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அச்சுக் கதையில் அவன் ஓங்கி வளர்ந்தான் என்பது வியப்புக்குரியது. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில் பெயருக்கு உரியவர் அருள்மொழிவர்மர். கதையைத் தோளில் சுமப்பவனோ வந்தியத்தேவன். ஆதித்த கரிகாலனின் ஓலையை எடுத்துக்கொண்டு புறப்பட்ட தூதன் அவன். பழைய இலக்கணப்படி பார்த்தால் வெறும் பாங்கன். வாரந்தோறும் வாசகரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அழைத்துச் செல்ல ஓர் ஊர்சுற்றி தேவைப்பட்டான். அரண்மனையில் அமர்ந்திருக்கும் இளவரசனால் அது இயலாது. தவறு செய்யும், பொய் சொல்லும், குதிரையிலிருந்து விழும் ஒருவனிடம் வாசகர் நெஞ்சைப் பறிகொடுத்தனர். அவன் முற்றிலும் கற்பனை ஆளும் அல்லன். குந்தவைப் பிராட்டியின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவரின் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் உள்ளது. அந்த வந்தியத்தேவனுக்கும் ஒரு துணைவன் வேண்டியிருந்தது. வைணவச் சண்டைக்காரன் ஆழ்வார்க்கடியான் வந்தான். சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் முதலில் தனியாகத்தான் கதைகளில் வந்தார். பின்னர்ச் சேர்ந்த உதவியாளன் வசந்த், குரு சொல்லைத் தட்டிப் பேசியே வாசகர்களைக் கவர்ந்தான். அச்சில் நட்சத்திர முகம் இல்லை. ஆதலால் அங்கே தோழனுக்கு நாவிருந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்த வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 1968இல் வந்த படோசன் என்னும் இந்திப் படத்தை இந்தக் காலனியில் பார்க்காதவர் மிகக் குறைவு. குடுமியும் வேட்டியுமாக ஒரு தென்னாட்டு இசையாசிரியர் வேடத்தில் மெஹ்மூத் வருகிறார். பாட்டுக்கூட அறியாத நாயகன் சுனில் தத், ஜன்னலோரம் நின்று உதட்டை அசைக்க, மறைவிலிருந்து அவனுக்காகப் பாடுபவன் தோழன். தோழனாகக் கிஷோர் குமார். போட்டிப் பாட்டில் சங்கீதம் கற்ற மதராஸி ஆசிரியர் தோற்கிறார், உதடசைத்தவன் வெல்கிறான். படம் நகைச்சுவையில் தலைசிறந்தது, அதில் ஐயமில்லை. அண்டை வீட்டாருடன் அமர்ந்து நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபின் வீட்டுக்கு வந்த பிள்ளைகளில் ஒருவன், “நம்மை மாதிரிப் பேசுகிறவர் ஏன் எப்போதும் தோற்கிறார்?” என்று கேட்டால் என்ன சொல்வது? பிறர் கதையில் நாம் துணைப்பாத்திரம் என்று சொல்லலாம். அதனோடு இன்னொன்றும் சொல்லவேண்டும்: நம் தமிழ்ப் படங்களில் வட்டிக்கடை சேட்டும் தேநீர்க் கடை நாயரும் எத்தனை முறை இதே இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்! சேட்டின் தமிழைக் கேட்டு நாம் சிரித்த சிரிப்பை, நம் இந்தியைக் கேட்டு இங்குள்ளவர் சிரிக்கிறார்கள். அயலானைத் துணைவன் வேடத்தில் போட்டு அடித்துச் சிரிப்பது எல்லா மொழியினருக்கும் எளிதாய் வருகிறது.

அடித்துச் சிரிப்பது என்றோம். அது 1980களுக்குப் பின் தமிழ்த் திரையில் தனிக்கலையாகவே வளர்ந்தது. 1989இல் வந்த கரகாட்டக்காரனில் கவுண்டமணி, செந்தில் இருவரின் வாழைப்பழக் காட்சி இன்றும் வீடுதோறும் சொல்லப்படுகிறது. அதனை எழுதிய ஏ. வீரப்பனின் தருக்க நுட்பம் பெரிது. இங்கே நிகழ்ந்த மாற்றத்தைப் பாருங்கள். நாயகனின் தோழனுக்குக் கீழே இன்னொரு தோழன் வந்துவிட்டான். மேலே இருப்பவனைக் கழற முடியாத பாங்கன் கீழே இருப்பவனை உதைக்கிறான். நிறத்தையும் உடம்பையும் சொல்லித் திட்டுகிறான். கவுண்டமணிக்குப் பெரியவர்களைப் பரிகசிக்கும் துணிவும் நிறைய இருந்தது என்பதை மறுக்கவில்லை; ஆயினும் ஒரு தலைமுறை மனத்தில் நின்றது உதைதான். பின்னர் வந்த வடிவேலுவோ அடிக்கும் வேலையை விட்டு அடிவாங்கும் வேலையை ஏற்றார். 2003இல் வின்னர் படத்தில் அவர் ஏற்ற கைப்புள்ள வேடத்தின் வீரமெல்லாம் பேச்சில், முதுகெல்லாம் புண். அடிபடுவதன் அவமானத்தையும் அதை மறைக்கும் வீறாப்பையும் அவரைப் போல் காட்டியவர் இல்லை. நாள்தோறும் மேலதிகாரியிடம் வசவு வாங்கி, வீட்டில் வந்து வீரம் பேசுபவர் அனைவரும் அவரிடம் தம்மைக் கண்டார்கள். அலுவலகங்களில் பணிபுரியும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தோழி என்ன ஆனாள்? தமிழ்ப் படங்களில் நாயகியின் தோழியர் பெரும்பாலும் பாட்டில் பின்னால் நின்று ஆடும் கூட்டமானார்கள். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த மனோரமாவைப் போன்ற பேராற்றல் இருந்தும், வாயில் மறுத்து நாயகனைக் கேள்வி கேட்கும் அந்தச் சங்கத் தோழியை அவருக்காக எவரும் எழுதித் தரவில்லை. தில்லானா மோகனாம்பாளின் ஜில் ஜில் ரமாமணி ஓரளவு அருகில் வருகிறாள், அவ்வளவே.

அண்மை ஆண்டுகளில் காற்று திரும்பியிருக்கிறது. 2006இல் இம்சை அரசன் 23ஆம் புலிகேசியில் வடிவேலு அரியணையிலேயே ஏறினார். சாதிச் சண்டைக்கு மைதானம் கட்டித் திறந்து வைக்கும் அந்த மூட அரசனைப் பார்க்கையில், கட்டியங்காரன் அரசனின் உடையையே பறித்து மாட்டிக்கொண்டு வந்தது போலிருந்தது. 2021இல் மண்டேலா படத்தில் யோகி பாபு ஊரில் முடிதிருத்துபவர். சொந்தப் பெயரே இல்லாமல் ஊரார் ஏவலுக்கு ஓடியவருக்கு அஞ்சலகத்தில் நெல்சன் மண்டேலா என்று பெயர் கிடைக்கிறது. இரு கட்சியும் சரிசமமாக இருக்க, அவருடைய ஒரே வாக்கு ஊரின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. பெயரற்ற தோழிக்குப் பட்ட கடன் இப்படி ஒரு வழியில் சிறிது அடைந்தது. 2023இல் விடுதலை படத்தில் சூரி நாயகர்.

அதே 2023இல் வந்தது மாரி செல்வராஜின் மாமன்னன். தலைப்புக்கு உரியவர் வடிவேலு. சிரிப்பு இல்லாத வடிவேலு. சட்டமன்ற உறுப்பினராகியும், பழைய ஆதிக்கக் குடும்பத்தினர் முன் நாற்காலி இருந்தும் உட்காராமல் நிற்கும் மனிதர். ஆண்டுக்கணக்காக நின்றே பழகியவர். “அப்பா உட்கார வேண்டும்” என்று பிடிவாதமாய் நிற்பவன் மகன். அந்தக் காட்சியில் வடிவேலுவின் உடம்பு என்ன செய்கிறது என்று கவனித்துப் பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் அடிவாங்கக் குறுகிப் பழகிய அதே தோள்கள், அதே தயக்கம், அதே அஞ்சிய கண்கள். அன்று எவற்றைப் பார்த்துச் சிரித்தோமோ அவற்றைப் பார்த்துத்தான் இன்று நெஞ்சு கனக்கிறது. பழக்கத்தினால் எவரேனும் முதலில் சிரித்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பார்கள். படத்தின் முடிவில் அவர் சட்டப்பேரவைத் தலைவர் ஆகிறார். முதலமைச்சரே ஆனாலும் பேச எழுந்தால் அவர் அனுமதி வேண்டும். அவர் சொன்னால் உட்கார வேண்டும்.